தி சிம்ஸ் 2: பதினொரு ஆத்தங்குடித் தளங்களில் ஒன்றுதான் தெரிகிறது, கண்டாங்கிச் சேலை வரவே இல்லை

பள்ளத்தூர் வளவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் ஐயா வீட்டை, வீடு கட்டி அதில் ஆள்களை வாழவிடும் தி சிம்ஸ் 2 என்னும் கணினி விளையாட்டுக்குள் உள்ளது உள்ளபடி கட்டிவிட வேண்டும் என்று மூன்று மாதமாக முயன்று வருகிறேன். ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது குடும்பங்களுக்குப் பொதுவான வீடு அது. பின்கட்டைப் பிரித்து விற்பதென்று பங்காளிகள் பேசி முடித்துவிட்டார்கள். தூணும் கதவு நிலையும் கழற்றப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால், முகப்பு முதல் அடுப்படி வரை எந்தத் தளம் எங்கே பதித்திருந்தது என்பதாவது ஓரிடத்தில் பதிவாகி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டட வரைபட மென்பொருள் எதுவும் எனக்குத் தெரியாது. 2004-இல் வெளிவந்த இந்த விளையாட்டைப் பள்ளி நாளிலிருந்து ஆடி வருவதால் சுவர் எழுப்புவதும் தளம் பரப்புவதும் கைக்குப் பழகிய வேலை. அப்பத்தாவைப் போல ஓர் உருவத்தைச் செய்து அந்த வளவுக்குள் (முற்றத்துக்குள்) நடமாட விட்டுப் பார்ப்பதும் இதில்தான் முடியும்.

என்னிடம் இருப்பது 2014-இல் இலவசமாகக் கொடுக்கப்பட்ட அல்டிமேட் கலெக்ஷன் பதிப்பு. லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. வீட்டில் பதித்திருக்கும் ஆத்தங்குடித் தளங்களில், அதாவது கையால் ஊற்றிச் செய்யும் பூப்போட்ட தரை ஓடுகளில், பதினொரு வகைகளைப் படம் எடுத்தேன். விளையாட்டுக்குத் தரை செய்து தரும் ஹோம்கிராஃப்டர் பிளஸ் என்ற கருவி என் கணினியில் திறக்கவே இல்லை. எனவே இணையத்தில் கிடைத்த ஒரு தரைக் கோப்பை, விளையாட்டுக் கோப்புகளைத் திருத்தும் சிம்பிஇ என்ற கருவியில் திறந்து, அதில் உள்ள டெக்ஸ்ச்சர் (பரப்பின் மேல் ஒட்டும்) படத்தை மட்டும் எடுத்துவிட்டு என் படத்தை வைத்துச் சேமித்தேன். விளையாட்டில் அது அழகாக வந்தது. அந்த மகிழ்ச்சியில் அதே பேக்கேஜ் கோப்பைப் பத்து முறை நகலெடுத்து, ஒவ்வொரு நகலுக்கும் முகப்பு, வளவு, பட்டாலை என்று வீட்டுப் பகுதிகளின் பெயரைச் சூட்டி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு படத்தை வைத்தேன். டவுன்லோட்ஸ் கோப்புறையில் பதினொரு கோப்புகளும் இருக்கின்றன. விளையாட்டின் தரைப் பட்டியலிலோ ஒரே ஒரு தளம்தான் தெரிகிறது.

இரண்டாவது சிக்கல், ஆள்களையும் உடைகளையும் செய்ய விளையாட்டோடு வரும் பாடி ஷாப் நிரலில். அப்பத்தா எப்போதும் கட்டுவது கடுகு நிறத்தில் அரக்குக் கரை போட்ட கண்டாங்கி, எங்கள் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்திச் சேலை. இணையத்தில் கிடைத்த ஒரு சேலை உருவத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன் டெக்ஸ்ச்சர்களை ஏற்றுமதி செய்யும் பொத்தானை அழுத்தினேன். முடிந்துவிட்டதைப் போலத்தான் தெரிகிறது. ஆனால் ப்ராஜெக்ட்ஸ் கோப்புறையில் எதுவும் வந்து சேரவில்லை. மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் இதே நிலைதான்.

மூன்றாவதாக, சிம்பிஇயில் பொருள்களின் முன்னோட்டத்தைத் திறந்தால் பிழைச் செய்தி வருகிறது. நான்காவதாக, வீட்டுக்குள் சாமான்களை எல்லாம் வைத்த பிறகு, கேமராவை வளவுப் பக்கம் திருப்பும்போது தூண்கள் திடீரென்று இளஞ்சிவப்பாக மின்னுகின்றன. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் பேருதவியாக இருக்கும்.


காரைக்குடி வாசகன் எழுதியது:

வணக்கம். முதலில் எளிய சோதனை இரண்டைச் செய்து பாருங்கள். விளையாட்டுக்குள் சென்று, அமைப்புகளில் கஸ்டம் கன்டென்ட் (வெளியிலிருந்து நாம் சேர்க்கும் பொருள்கள்) அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அனுமதித்த பின் விளையாட்டை ஒரு முறை மூடித் திறக்க வேண்டும். ஒரு தளமாவது தெரிகிறது என்று நீங்கள் சொல்வதால் அது சரியாகவே இருக்கக்கூடும். அடுத்து, விளையாட்டை மூடிவிட்டு, டாக்குமென்ட்ஸில் உள்ள விளையாட்டுக் கோப்புறையில் இருக்கும் குரூப்ஸ் கேஷ், ஆக்ஸஸரி கேஷ் என்னும் இரண்டு கோப்புகளையும் தம்ப்நெயில்ஸ் கோப்புறையில் உள்ளவற்றையும் அழித்துவிடுங்கள். விளையாட்டே அவற்றைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளும். பழைய சிறுபடங்கள் தங்கிவிட்டதால் புதிய தளங்கள் தெரியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சிம்பிஇ முன்னோட்டத்துக்கு வேண்டியது, திரையில் படம் வரைய விண்டோஸுக்கு உதவும் டைரக்ட்எக்ஸ் 9-இன் ஒரு பழைய பகுதி. புதிய விண்டோஸில் அது இருக்காது. 2010 ஜூன் மாதத்து டைரக்ட்எக்ஸ் தொகுப்பை நிறுவினால் முன்னோட்டம் வேலை செய்யும். டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.5-ஐயும் விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் இயக்கியிருக்க வேண்டும்; சிம்பிஇ திறக்கிறது என்றால் அது ஏற்கெனவே இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது.


தேவகோட்டை மேசை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். மேலே நண்பர் சொன்னவற்றைச் செய்துவிடுங்கள். டைரக்ட்எக்ஸ் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் தளமும் சேலையும் அவற்றால் தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டுக்கும் காரணம் பெயர்தான் என்பது என் கணிப்பு. தளத்தில் உள்ளுக்குள் இருக்கும் பெயர் இடிக்கிறது. சேலையில் உங்கள் கணினியில் உள்ள ஒரு பெயர் இடிக்கிறது.

தளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு பேக்கேஜ் கோப்பு என்பது பல சிறு உறுப்புகளை ஒன்றாகக் கட்டி வைத்த மூட்டை. படம் ஓர் உறுப்பு, அந்தப் படத்தை எந்தப் பரப்பில் எப்படி ஒட்டுவது என்று சொல்லும் மெட்டீரியல் டெஃபினிஷன் ஓர் உறுப்பு, பட்டியலில் காட்டும் பெயரும் விளக்கமும் வேறோர் உறுப்பு. ஒவ்வோர் உறுப்புக்கும் டைப், குரூப், இன்ஸ்டன்ஸ் என்னும் மூன்று எண்கள் உண்டு. விளையாட்டு உறுப்புகளை அடையாளம் காண்பது இந்த எண்களை வைத்துத்தான். மூட்டையின் மேல் நீங்கள் ஒட்டிய ‘முகப்பு’, ‘பட்டாலை’ என்னும் சீட்டுகளை அது பார்ப்பதே இல்லை. ஒரே மூட்டையைப் பத்து நகல் எடுத்தபோது உள்ளே இருந்த எண்களும் பத்து முறை நகலாகிவிட்டன. பதினொரு கோப்புகளையும் விளையாட்டு ஒழுங்காகப் படிக்கிறது. ஒரே அடையாளத்தோடு அடுத்தடுத்து வருவனவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறது. உங்களிடம் தெரியும் அந்த ஒரு தளம் எது என்று பாருங்கள். கடைசியாகப் படிக்கப்பட்ட கோப்பினுடையதாக அது இருக்கலாம்.

சரி செய்யும் முறை இது. ஒவ்வொரு நகலையும் சிம்பிஇயில் திறந்து, டெக்ஸ்ச்சர் இமேஜ் உறுப்பைத் தேர்ந்தெடுங்கள். கோப்புப் பெயர் என்ற கட்டத்தில் பழைய ஆசிரியர் வைத்த நீண்ட பெயர் இருக்கும். அதன் வாலில் உள்ள குறிகளை விட்டுவிட்டு, முன்பகுதியில் உங்களுக்கே உரிய ஒரு பெயரை ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் கொடுங்கள். பிறகு பக்கத்தில் உள்ள ஃபிக்ஸ் டிஜிஐ (டைப், குரூப், இன்ஸ்டன்ஸ் என்பதன் சுருக்கம்) என்ற பொத்தானை அழுத்தினால் புதிய பெயரிலிருந்து புதிய எண்களைச் சிம்பிஇயே கணக்கிட்டுக்கொள்ளும். மெட்டீரியல் டெஃபினிஷனிலும் இதையே செய்ய வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது: மெட்டீரியல் டெஃபினிஷனுக்குள் எந்தப் படத்தை ஒட்ட வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கும் வரியையும் புதிய படத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால், அது இல்லாத பழைய படத்தைத் தேடிக்கொண்டிருக்கும். பட்டியல் விவரம் தரும் உறுப்பில் மெட்டீரியலின் பெயர் வரும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் உறுப்பை மாற்றியதும் கமிட் அழுத்த வேண்டும்; கடைசியில் கோப்பைச் சேமிக்க வேண்டும். கமிட் அழுத்த மறந்து அரை நாள் உழைப்பை இழந்தவர்களை இந்தப் பக்கங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதினொன்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். இரண்டை மட்டும் மாற்றி, விளையாட்டில் இரண்டும் தெரிந்த பிறகு மற்றவற்றைத் தொடங்குங்கள்.

இப்போது பாடி ஷாப். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். விண்டோஸில் உங்கள் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்களா? சி டிரைவில் யூசர்ஸ் கோப்புறையைத் திறந்து, உங்கள் கோப்புறையின் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து நிரல்களில் பல யூனிகோடு இல்லாத பழைய முறையில் எழுதப்பட்டவை. அவை கோப்புப் பாதைகளை விண்டோஸின் ஆன்சி குறியீட்டுப் பக்கம் ஒன்றின் வழியாகவே, அதாவது ஒரு மொழியின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பழைய பட்டியலின் வழியாகவே படிக்கும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு அப்படி ஒரு பக்கம் உண்டு. சீனத்துக்கும் தாய் மொழிக்கும்கூட உண்டு. தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி குறியீட்டுப் பக்கம் கிடையாது. தமிழ் அதில் யூனிகோடாக மட்டுமே இருக்கிறது. ஆகவே பாதையில் ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் பழைய நிரலின் கண்ணுக்கு அது கேள்விக்குறியாகவே தெரியும். கேள்விக்குறியைக் கோப்புறைப் பெயரில் வைக்க விண்டோஸ் அனுமதிக்காது என்பதால் அந்தப் பாதையில் எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. உங்கள் பதிப்பில் விளையாட்டுக் கோப்புறையின் பெயரில் வணிகக்குறி அடையாளம் ஒன்று சேர்ந்து வரும். அது மேற்கத்தியக் குறியீட்டுப் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் தொல்லை தராது. தமிழ் எழுத்துதான் தடுக்கும்.

நம் மொழியில் பெயர் வைத்தது உங்கள் தவறு அன்று. அதைத் தாங்கும்படி அந்த நிரலைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.


பள்ளத்தூர் வளவு எழுதியது:

ஐயா, தாங்கள் கேட்டதும் போய்ப் பார்த்தேன். ஆமாம், என் கோப்புறையின் பெயர் தமிழில்தான் இருக்கிறது. லேப்டாப் வாங்கிய அன்று கடையில் அமைத்துக் கொடுத்தவரிடம் நான்தான் தமிழில் வைக்கச் சொன்னேன். சிம்பிஇயும் விளையாட்டும் வேலை செய்ததால் அந்தப் பக்கம் நான் நினைத்தே பார்க்கவில்லை. உடனே அமைப்புகளுக்குள் சென்று பயனர் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். உள்நுழையும் திரையில் இப்போது ஆங்கிலப் பெயர்தான் வருகிறது. ஆனாலும் பாடி ஷாப்பில் ஒரு மாற்றமும் இல்லை.

தளத்தில் வெற்றி. நேற்று இரவு முகப்பையும் பட்டாலையையும் மாற்றினேன். இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. மெட்டீரியலுக்குள் இருக்கும் அந்த வரியை முதல் முறை நானும் தவறவிட்டேன். தளம் வெறும் நீலமாக மின்னியதும் தங்கள் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. பட்டியலில் வரும் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தேன், அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதியதும் வந்துவிட்டது.


தேவகோட்டை மேசை எழுதியது:

நல்லது. தளத்தில் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

பயனர் பெயரை அமைப்புகளில் மாற்றினால் திரையில் தெரியும் பெயர் மட்டும்தான் மாறும். யூசர்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் பெயர், கணக்கைத் தொடங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். அந்தக் கோப்புறையின் பெயரைக் கையால் மாற்ற வேண்டாம். மாற்றினால் கணக்கே திறக்காமல் போகும் ஆபத்து உண்டு.

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, டாக்குமென்ட்ஸ் கோப்புறையை மட்டும் இடம் மாற்றுவது. டி டிரைவில் ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கிக்கொண்டு, டாக்குமென்ட்ஸை வலச்சொடுக்கி, பண்புகளில் இருப்பிடம் என்னும் பக்கத்தில் புதிய இடத்தைக் காட்டினால், உள்ளே இருப்பவை அனைத்தும் அங்கே நகர்ந்துவிடும். விளையாட்டும் பாடி ஷாப்பும் டாக்குமென்ட்ஸ் எங்கே என்று விண்டோஸிடம் கேட்டுத்தான் போகின்றன. புதிய இடத்தைத் தாமே கண்டுகொள்ளும். டாக்குமென்ட்ஸ் இப்போது இணையச் சேமிப்பகம் எதனோடாவது இணைக்கப்பட்டிருந்தால் முதலில் அந்த இணைப்பை நீக்குங்கள். கோப்பின் பெயர் மட்டும் கணினியில் இருந்து, உள்ளடக்கம் இணையத்தில் இருக்கும் நிலையில் இந்தப் பழைய கருவிகள் திணறும். டாக்குமென்ட்ஸ் நகர்ந்த பிறகு சிம்பிஇயின் விருப்பத்தேர்வுகளில் சேவ்கேம் கோப்புறை என்ற வரியில் புதிய பாதையைக் கொடுத்துவிடுங்கள்.

டெம்ப் கோப்புறை இன்னும் தமிழ்ப் பெயருக்குள்தான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. சிம்பிஇயில் டிஎக்ஸ்டி என்னும் சுருக்க முறையில் படம் கட்டும்போது வெளியிலிருந்து ஒரு சிறு கருவி அழைக்கப்படுகிறது. அது பழைய கட்டளைவரிக் கருவி. டெம்ப், டிஎம்பி என்னும் இரண்டு சூழல் மாறிகளையும் டி டிரைவில் ஒரு கோப்புறைக்குத் திருப்பிவிட்டால் அந்தப் பக்கமும் பாதுகாப்பு.

இரண்டாவது வழி, ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துப் புதிய உள்ளூர்க் கணக்கு ஒன்றைத் தொடங்கி, விளையாட்டையும் கருவிகளையும் அதில் மட்டும் பயன்படுத்துவது. முதல் வழி சரிப்படாவிட்டால் இதைச் செய்யுங்கள். உலக மொழிகளுக்கு யூடிஎஃப்-8 பயன்படுத்து என்று விண்டோஸில் ஒரு சோதனை நிலைத் தேர்வு இருக்கிறது. அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. அது கணினி முழுவதற்குமான மாற்றம். உங்களிடம் உள்ள வேறு பழைய நிரல்களைக் கெடுக்கக்கூடும்.

இளஞ்சிவப்பு மின்னலுக்கு வருகிறேன். விளையாட்டுக் கோப்புறைக்குள் லாக்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் உங்கள் கணினியின் பெயரோடு கன்ஃபிக் லாக் என்று முடியும் உரைக்கோப்பைத் திறந்து, டெக்ஸ்ச்சர் மெமரி என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலும் 32 எம்பி என்று இருக்கும். உங்கள் கிராஃபிக்ஸ் அட்டையில் எவ்வளவு இருந்தாலும், அந்த அட்டையை இந்த விளையாட்டு அறியாததால் மிகக் குறைந்த அளவை எழுதிக்கொள்கிறது. ரசிகர்கள் செய்த கிராஃபிக்ஸ் ரூல்ஸ் மேக்கர் என்னும் கருவி இந்த எண்ணைச் சரியாக எழுதித் தரும். அதோடு நான்கு ஜிபி பேட்ச் என்பதையும் போடுங்கள். இந்த விளையாட்டு 32 பிட் நிரல் என்பதால் இயல்பாக 2 ஜிபி நினைவகத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. அந்தப் பேட்ச் அதை 4 ஜிபி வரை விரிக்கும். எதைச் செய்வதற்கு முன்பும் மூலக் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.


கானாடுகாத்தான் கண்ணாடி எழுதியது:

வணக்கம். கருவிகளைப் பற்றி மேலே சொன்னவர்கள் குறையில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். நான் படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் வீட்டுக்காரரின் குடும்பம் ஆத்தங்குடியில் தளம் ஊற்றும் குடும்பம். நான் பல வருடங்களாக இந்த விளையாட்டுக்குத் தரையும் சுவரும் செய்து வருகிறேன்.

விளையாட்டில் ஒரு கட்டம் என்பது ஒற்றைக் கதவு ஒன்றின் அகலம். கதவை மூன்று அடி என்று வைத்துக்கொண்டால் 36 அங்குலம். நம் தளம் பெரும்பாலும் 8 அங்குலமோ 10 அங்குலமோ இருக்கும். 8 என்றால் ஒரு கட்டத்தில் நாலரைத் தளம், 10 என்றால் மூன்றரைக்குச் சற்று அதிகம். இரண்டுக்கும் நடுவில் நான்குக்கு நான்கு என்று வைத்தால் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். நான்கு தளங்கள் கூடினால்தான் பூ முழுமையாகும் வகைகளும் நம்மிடம் நிறைய இருப்பதால், நான்கு என்ற இரட்டை எண் அவற்றுக்கும் பொருந்துகிறது. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு தளத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டால், ஆள் நிற்கும்போது வீடு பொம்மை வீடாகிவிடும். அந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள்.

இப்படி வைத்தால் 256-க்கு 256 அளவுள்ள படத்தில் ஒரு தளத்துக்கு 64 புள்ளிகள்தான் கிடைக்கும். பூவிதழின் ஓரக்கோடு அதில் நிற்காது. 512-க்கு 512 என்று செய்தால் ஒரு தளத்துக்கு 128 புள்ளிகள் கிடைக்கும். எனக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. டிஎக்ஸ்டி1 முறையில் 512 அளவுப் படம் 128 கேபி, 256 அளவுப் படம் 32 கேபி. பதினொரு தளத்துக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே அன்று. ஆனால் அந்த முறை நான்குக்கு நான்கு புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் படத்தைப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் இரண்டு மூல நிறங்களும் அவற்றின் இடைநிறங்களும் மட்டுமே தரும். சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் ஒரே சிறு சதுரத்தில் சந்தித்தால் நிறம் அழுக்காகும். ஆத்தங்குடித் தளத்தில் அது எப்போதும் நடக்கும். ஒவ்வொரு தளத்தின் ஓரமும் நான்கின் மடங்கில் விழும்படி படத்தை வெட்டினால், தளமும் தளமும் சேரும் இடமாவது சுத்தமாக இருக்கும். 128 என்ற அளவு அதற்கும் வசதி.

படம் எடுப்பதற்கு முன் தரையைத் துடையுங்கள். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டாம். நம் வீடுகளில் பளபளப்புக்காக அப்படித்தான் துடைப்போம். ஆனால் எண்ணெய் போட்ட தரை சன்னல் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு நடுவில் ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டும். அந்தத் திட்டு விளையாட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ஃபிளாஷும் வேண்டாம். வளவில் வெயில் நேராக இறங்காத காலை வேளையில், செல்பேசியைத் தரைக்கு நேர் மேலே கிடைமட்டமாகப் பிடித்து எடுங்கள்.

இன்னொன்று. ஒரே தளத்தைப் படம் எடுத்துப் பதினாறு முறை ஒட்டிவிடாதீர்கள். தளம் ஊற்றுகிறவர் கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை நிறுத்தி, ஒவ்வோர் அறைக்குள்ளும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார். அச்சை மெல்லத் தூக்கும்போது ஒரு நிறம் அடுத்த நிறத்துக்குள் மயிரிழை அளவு கசியும். அதன் மேல் உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி அமுக்குவார். சூளையில் சுடுவது கிடையாது. தண்ணீரில் ஊற வைத்துக் காயப் போடுவதுதான். காய்ந்து கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கும்போதுதான் முகம் தெரியும். அந்தக் கசிவு ஒரு தளத்தில் இருப்பதைப் போல அடுத்ததில் இருக்காது. ஆகவே ஒரே வகையில் நான்கைந்து தளங்களைத் தனித்தனியாகப் படம் எடுத்து, பதினாறு இடங்களிலும் கலந்து வையுங்கள். விளையாட்டின் தரை கைவேலைத் தரையாகத் தெரிவது இதனால்தான்.

சேலைக்கு ஒரு சொல். பாடி ஷாப் வெளியே தரும் படங்களை 24 பிட் பிஎம்பி கோப்பாகவே திரும்பச் சேமிக்க வேண்டும். கூடவே வரும் கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளை இருக்கும் இடத்தில் துணி தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் தெரியாது. விளையாட்டில் சேலை உருவம் இயல்பாக இல்லை என்பதால், நீங்கள் எடுத்த ரசிகர் உருவத்தின் மெஷ் (முப்பரிமாண வடிவம்) கோப்பும் டவுன்லோட்ஸில் இருக்க வேண்டும். கண்டாங்கியின் கட்டத்தை உடல் மேல் சீராகப் பரப்பினால் துணி மடிவது தெரியாது. மடிப்பு விழும் இடத்தில் கட்டத்தைச் சற்று நெருக்கமாக வரையுங்கள்.


பள்ளத்தூர் வளவு எழுதியது:

ஐயாவுக்கும் ஆச்சிக்கும் வாசகன் அண்ணனுக்கும் என் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்; எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

டாக்குமென்ட்ஸை டி டிரைவுக்கு நகர்த்தினேன். அது இணையச் சேமிப்பகத்தோடு இணைந்துதான் இருந்தது. முதலில் அதைத் துண்டித்தேன். பாடி ஷாப்பைத் திறந்து ஏற்றுமதி செய்ததும் ப்ராஜெக்ட்ஸ் கோப்புறையில் மூன்று பிஎம்பி கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. புதிய கணக்கு தேவைப்படவில்லை. லாக் கோப்பில் ஐயா சொன்ன அதே 32 எம்பிதான் இருந்தது. அதை மாற்றி, பேட்சும் போட்ட பிறகு இரண்டு மணி நேரம் விடாமல் ஆடினேன். வளவுத் தூண்கள் ஒரு முறைகூட மின்னவில்லை. முன்னோட்டமும் வருகிறது.

பதினொரு தளங்களையும் ஆச்சி சொன்னபடி மறுபடி படம் எடுத்தேன். முதலில் எடுத்த படங்களில் எண்ணெய்த் திட்டு இருந்ததை இப்போதுதான் கவனித்தேன். ஒரு வகைக்கு ஐந்து தளம் வீதம் எடுத்து, 512 அளவில் பதினாறு இடத்துக்கும் கலந்து வைத்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளே தனிப் பெயர் கொடுத்து, இரண்டிரண்டாகச் சோதித்து முடித்தேன். பட்டியலில் பதினொன்றும் இருக்கின்றன.

நேற்று அப்பத்தாவை லேப்டாப் முன்னால் உட்கார வைத்து முகப்பிலிருந்து உள்ளே அழைத்துப் போனேன். திரையில் கடுகு நிறச் சேலையில் நிற்பது யார் என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் பட்டாலையின் தரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் கட்டுக்குள் சாமி அறை வாசலுக்கு வந்ததும் விரலைத் திரையில் வைத்து, இந்த இடத்தில் இந்தத் தளம் கிடையாது, இது பிறகு மாற்றியது என்றார்கள். முதலில் இருந்தது பச்சை நிலத்தில் மஞ்சள் நட்சத்திரம், நட்சத்திரத்தின் நடுவில் சிறிய அரக்குப் பொட்டு, 8 அங்குலத் தளம். தண்ணீர் ஊறி வெடித்ததால் அந்த நான்கு வரிசையை மட்டும் எடுத்துவிட்டார்களாம். எங்கள் வீட்டில் அதில் ஒரு துண்டுகூட இப்போது இல்லை.

பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கத்தில் யார் வீட்டிலாவது அந்த வகை இன்னும் பதிந்திருந்தால், எண்ணெய் போடாமல் துடைத்து, நேர் மேலிருந்து நான்கைந்து தளங்களைத் தனித்தனியாகப் படம் எடுத்து இங்கே இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டாவது கோப்புக்கு உள்பெயரை இப்போதே மாற்றித் தயாராக வைத்திருக்கிறேன்.


கானாடுகாத்தான் கண்ணாடி எழுதியது:

பச்சை நிலத்தில் மஞ்சள் நட்சத்திர அச்சு எங்கள் பட்டறைப் பரணில் இருக்கிறது. அரக்குப் பொட்டு அதில் உண்டா என்று வீட்டுக்காரரிடம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். இருந்தால் ஐந்து தளம் ஊற்றிக் காய வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன். தண்ணீரில் ஊறி முகம் தெளிய நாளாகும், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.